கட்டை விரலில் துடைப்பக் குச்சி

தஞ்சாவூர் போகும் காலைப் பேருந்தில், பக்கத்து இருக்கையில் ஐம்பதைத் தாண்டிய ஒரு கணவன் மனைவி. அந்த அம்மாள் கணவரின் பாதத்தைத் தன் மடியில் தூக்கி வைத்திருந்தார். கையில் ஒரு துடைப்பக் குச்சி.

“கண்ணை மூடுங்க. டாக்டரு மூடச் சொல்லித்தான் தொட்டுப் பார்ப்பாரு.”

முறை அதுதான். சில ஆஸ்பத்திரிகளிலேயே இதை மறந்துவிடுகிறார்கள்.

“எல்லாரும் பார்க்குறாங்கடி.”

“பார்க்கட்டும். நேத்து கருவ முள்ளு ஏறினது, செருப்பெல்லாம் ரத்தமான பெறகுதானே தெரிஞ்சுது?”

“வயல்ல அட்டை கடிச்சாக்கூடத்தான் எவனுக்கும் தெரியறதில்ல.”

“அவனுக்கெல்லாம் சுகர் இருக்கா?”

“உணர்ச்சி இல்லேன்னு தெரிஞ்சா, சேத்துல இறங்காதேம்பாரு. நடவு நேரத்துல யாரு இறங்குறது, நீயா?”

“நான் இறங்குறேன். புண்ணாகிக் காலை எடுக்கணும்னா அப்ப என்ன பண்ணுவீங்க? மூடுங்க.”

மூடினார். குச்சி விரலுக்குச் சற்று மேலே அந்தரத்தில் நின்றது.

“தெரியுது.”

“எங்க?”

“கட்டை விரல்ல. நல்லாவே தெரியுது.”

“நான் இன்னும் தொடவே இல்லீங்க.”

அதற்குப் பிறகும் அவர் கண்ணைத் திறக்கவில்லை.