காலைக் குளிரில் இறங்கும் கதவு

இந்தக் குளுவாங் ஊரில் ஓடுகிற பழைய கார்களில் பாதிக்குப் பின் கதவைத் தாங்குவது விளக்குமாற்றுக் கட்டைதான், சார். சந்தைக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை நின்று பாருங்கள். ஒருவர் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டுக் காய்கறியை ஏற்றுவார். இன்னொருவர் தலையாலேயே கதவைத் தாங்கிக்கொண்டு மீன் பையை எடுப்பார். தண்டு மாற்ற அரை மணி நேரம்கூட ஆகாது. ஆனாலும் மாற்ற மாட்டார்கள். ஒரு தடவை மண்டையில் வாங்கிய பிறகுதான் சதாசிவத்தின் ஞாபகம் வரும்.

நான்தான் அந்தச் சதாசிவம். வயது அறுபத்தொன்று. முப்பத்து நான்கு வருடமாக வீட்டை ஒட்டியே பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் மலாயில் எழுதிக்கொள்வதால் நிதானமாகவே சொல்கிறேன்.

தண்டு என்று சொன்னேனே, அதை நாங்கள் டேம்பர் என்போம். பின் கதவைத் திறந்தால் இரண்டு பக்கமும் கறுப்பாக நீளும். உள்ளே வாயு அடைத்திருப்பார்கள், அதுதான் கதவைத் தூக்கி நிறுத்துகிறது. வருடம் ஆக ஆக வாயு கசிந்துவிடும். டேம்பரை வண்டியோடு பிடித்திருக்கும் இரும்புத் துண்டுக்குப் பெயர் பிராக்கெட். பழைய வண்டிகளில் அதுவும் கீறல் விடும். என் மகள் ஷர்மினியின் வண்டியில் இரண்டு கோளாறும் இருந்தன.

அது என் மனைவி பிரேமலாவின் வண்டி. இருபத்திரண்டு வயது ஆகிறது. பிரேமலா இறந்தபோது ஷர்மினிக்குப் பன்னிரண்டு வயது. அதற்குப் பிறகு சமையல், துணி, பள்ளிக்கூடத்துக்குச் சடை பின்னுவது எல்லாம் நான்தான். இரட்டைச் சடை பின்னத் தெரிந்த மெக்கானிக் ஜொகூரில் எத்தனை பேர் இருப்பார்கள் என்று தெரியவில்லை. அவள் படித்துத் தாதியானாள், இங்கேயே ஒரு கிளினிக்கில் வேலை பார்த்தாள். காலை ஆறரைக்குக் கிளம்பினால் மாலை ஐந்துக்கு வந்துவிடுவாள். வந்ததும் இருவரும் தேநீர் குடிப்போம். எனக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

போன வருடக் கடைசியில் சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் அவளுக்கு வேலை கிடைத்தது. பிப்ரவரியில் சேர வேண்டும். கால்வின் என்ற பையனை அவளுக்குப் பிடித்திருந்தது. பக்கத்து ஊரான பாலோவைச் சேர்ந்தவன், சிங்கப்பூரில் ஏர்கான் மாட்டுகிற வேலை. ஜூனில் கல்யாணம், பிறகு இருவரும் அங்கேயே வீடெடுத்துத் தங்குவது என்று முடிவு செய்திருந்தார்கள். அவன் கத்தோலிக்கன் என்பது எனக்கு ஒரு பொருட்டே இல்லை. அவன் அம்மா பேட்ரிசியா நல்ல மனுஷி, கிறிஸ்துமஸுக்குக் கேக் கொடுத்தனுப்பினார்.

வாரக் கடைசியில் வந்துவிடுவேன் என்றாள் ஷர்மினி. இந்த மாநிலத்தில் சிங்கப்பூருக்குப் போகிற எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டு ராசம்மாவின் மகனும் சொன்னான். தீபாவளிக்கு வருகிறான், கையில் இருக்கிற போனைப் பார்த்துவிட்டுப் போய்விடுகிறான். எனக்குப் பயமாக இருந்தது, சார். மாலை ஐந்து மணிக்கு அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்து ஒற்றைக் கோப்பைத் தேநீர் குடிப்பதை நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் மனம் கலங்கியிருப்பாள். பிள்ளையைக் கலங்கவைக்க எனக்குப் பிடிக்காது.

ஜனவரித் தொடக்கத்தில் அந்தப் பின் கதவு அவள் தோளில் இறங்கியது. பெரிய அடி இல்லை. அவள் போனில் சொல்லியிருக்கிறாள், கால்வின் உடனே ஆன்லைனில் ஒரு ஜோடி டேம்பரும் பிராக்கெட்டும் வரவழைத்து நேரில் கொண்டுவந்தான்.

“அங்கிள், நீங்களே மாட்டிடுங்க. வேற யார் கையிலயும் கொடுக்க வேணாம் லா,” என்றான்.

பிறகு நடந்ததற்கெல்லாம் அவன் வாங்கிய மட்டச் சாமான்தான் காரணம் என்று தெருவே பேசியது. அது தவறு. அவன் வாங்கியது நல்ல சாமான். கையில் எடுத்த உடனே எனக்குத் தெரிந்தது. அந்தக் கதவை இன்னும் பத்து வருடம் அசையாமல் பிடித்திருக்கும்.

அவற்றை நான் மாட்டவில்லை. பழைய டேம்பரையே கழற்றித் துடைத்து, கறுப்புச் சாயம் அடித்துத் திரும்ப மாட்டினேன். கீறல் விட்ட பிராக்கெட்டுக்கும் அதே சாயம். வேலை சுத்தமாக இருந்தது. கால்வின் குனிந்து பார்த்துவிட்டுப் புதுசு புதுசுதான் என்று சொன்னான். மதியம் இரண்டு மணி, நல்ல வெயில். கதவு ஜம்மென்று நின்றது.

இங்கே தொழில் விஷயம் ஒன்று இருக்கிறது. வெயிலில் வாயு விரியும், கசிந்த டேம்பர்கூட நல்ல பிள்ளையாக நிற்கும். காலைக் குளிரில், அதுவும் இரவெல்லாம் மழை பெய்திருந்தால், அதே டேம்பர் கதவைக் கொஞ்ச நேரம் தாங்கிவிட்டுச் சட்டென்று விட்டுவிடும். எவ்வளவு நேரம் தாங்கும் என்று நான்கு காலை சோதித்தேன். அவள் எழுந்திருக்கும் முன்பே எடுத்துவைத்துவிடுவேன். பொங்கலுக்கு வாங்கிய கரும்பில் ஒரு துண்டு மிச்சம் இருந்தது. கதவு பூட்டிக்கொள்கிற கொக்கியின் மேல் அதை வைத்துப் பார்த்தேன். கரும்பு நசுங்கியது, ஒடியவில்லை. அது போதும் என்று நினைத்தேன். கை ஒடிந்தால் ஆறு வாரத்தில் கூடிவிடும். பிப்ரவரி போய்விட்டால் அந்த வேலையும் போய்விடும். அதற்கு மேல் எனக்கு ஆசை இல்லை.

அவளிடம் ஒரு பழக்கம் உண்டு. வண்டியின் பின்னால் சாமான் வைக்கிற இடத்திலிருந்து கனமான எதையாவது இழுத்தால் வலது கையை அந்தக் கொக்கியின் பக்கத்தில் ஊன்றிக்கொள்வாள். வளர்த்தவனுக்கு இதெல்லாம் தெரியும்.

ஒரு செவ்வாய்க்கிழமை. முந்தின இரவு நல்ல மழை. பத்துக் கிலோ அரிசி மூட்டையை வண்டியின் பின்பக்கத்தில் உள்ளே தள்ளிவைத்து, போகிற வழியில் ராசம்மாவின் தங்கை வீட்டில் கொடுத்துவிடு, கட்டு அவிழ்ந்திருக்கிறதா பார்த்துக்கொள் என்று சொன்னேன். அடுக்களை ஜன்னலில் காப்பியோடு நின்றேன். அவள் பின் கதவைத் திறந்தாள், குனிந்தாள், கையை ஊன்றினாள். பிராக்கெட் முறிந்த சத்தம் எனக்குக் கேட்டது. அதை நான் கணக்கில் எடுக்கவில்லை. டேம்பர் மட்டும் தளர்ந்திருந்தால் கதவு இறங்கியிருக்கும். பிராக்கெட்டும் விட்டுவிட்டதால் விழுந்தது.

அந்த மாதிரி நேரத்தில் கையும் ஓடாது காலும் ஓடாது என்பார்கள். எனக்கு ஓடியது. ஐஸை எடுத்துக்கொண்டு போனேன், கையைச் சுற்றிக் கட்டினேன், என் வண்டியிலேயே மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். பதினோரு நிமிடம். டாக்டரே பாராட்டினார்.

ஆள்காட்டி விரலை எடுத்துவிட்டார்கள். நடு விரல் இனி மடங்காது. கரும்பை வைத்து ஒரு முடிவுக்கு வந்தது என் தவறு, அதை ஒத்துக்கொள்கிறேன்.

கால்வின் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதான். “நான் வாங்கினதுதான் அங்கிள். எல்லாம் என்னாலதான்,” என்றான். நான் அவன் முதுகைத் தடவிக்கொடுத்து, உன்மேல் எனக்குக் கோபமே இல்லை என்று சொன்னேன். உண்மையிலேயே இல்லை. அதற்குப் பிறகு அவன் என் முகத்தைப் பார்க்கக் கூசினான். வாரம் ஒரு முறை வந்தவன் மாதம் ஒரு முறை என்று ஆனான். சிங்கப்பூர் மருத்துவமனையும் வேலையைத் தர முடியாது என்று வருத்தம் தெரிவித்து ஒரு கடிதம் அனுப்பியது.

மறைக்க எதுவும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அந்த இரண்டு மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன். பட்டறையைப் பாதி நாள் மூடிவிட்டு ரசம் வைத்தேன், கஞ்சி வைத்தேன், சாதத்தைப் பிசைந்து ஊட்டினேன். மறுபடியும் சடை பின்னினேன். இருபத்தேழு வயதுப் பெண்ணுக்குச் சடை பின்னுகிற கொடுப்பினை எந்த அப்பாவுக்குக் கிடைக்கும்? அவள் வாயைத் திறப்பாள், மெல்லுவாள், என்னையே பார்த்துக்கொண்டிருப்பாள். வலி என்று நினைத்தேன்.

நான் செய்த பிழை, சார், அந்தப் பெட்டி. என் பட்டறையில் ஒரு வழக்கம். புதுச் சாமான் மாட்டினால் கழற்றிய பழசை அதே பெட்டியில் போட்டு வண்டிக்காரரிடம் கொடுத்துவிடுவேன். மாற்றினேனா இல்லையா என்று யாருக்கும் சந்தேகம் வரக் கூடாது. முப்பத்து நான்கு வருடத்தில் ஒருவருக்கும் கொடுக்காமல் விட்டதில்லை. ஷர்மினியின் வண்டியை முடித்த அன்றைக்கும் பழக்கத்தில் கை தன்னால் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டது. ஷர்மினியின் பழைய டேம்பர் வண்டியிலேயே இருக்கிறது, பெட்டியில் எதைப் போடுவது? காளியப்பன் என்ற வாடிக்கைக்காரரின் வேனில் கழற்றிய பழைய ஜோடி மூலையில் கிடந்தது. அதைப் போட்டு முன் சீட்டுக்கு அடியில் வைத்தேன். அவள் கேட்கவே இல்லை. வைக்காமல் இருந்திருந்தால் இன்று நாம் இப்படி உட்கார்ந்திருக்க மாட்டோம்.

ஒரு நாள் மாலை பட்டறையிலிருந்து உள்ளே வந்தேன். அடுக்களை மேசையில் அந்தப் பெட்டி திறந்து கிடந்தது. பக்கத்தில், வண்டியில் விழுந்த டேம்பர். கிளினிக்கில் குழந்தைகளின் தலையை அளக்கிற நாடாவை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

“பெட்டியில இருக்கறது இதைவிட நாலு விரல் நீளம் கம்மிப்பா,” என்றாள். “இது நம்ம வண்டியில நிக்கவே நிக்காது. அப்ப நம்ம பழசு எங்க?”

பட்டறையில் கலந்துபோயிருக்கும் என்றேன். அவள் தலையாட்டினாள். நாடாவை மெதுவாகச் சுற்றிவைத்தாள்.

“அன்னிக்கு ஐஸ் ஏற்கனவே துணியில கட்டியிருந்துச்சுப்பா. நான் கத்தி முடிக்கல, நீங்க வாசல்ல நிக்கறீங்க. நான் நர்ஸுப்பா. வலியிலயும் அதைப் பார்த்தேன்.”

முந்தின நாளே கட்டிவைத்தது உண்மைதான். அவள் ஒரு நிமிடம்கூட அதிகமாக வலியில் இருக்கக் கூடாது என்று வைத்தேன். இதை எனக்கு எதிராக எழுதுவீர்களா, சாதகமாக எழுதுவீர்களா என்று தெரியவில்லை.

அவளிடம் நான் எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அவளும் திரும்பக் கேட்கவில்லை. அடுத்த நாள் கால்வினோடு அரை மணி நேரம் போனில் பேசினாள், கதவைச் சாத்திக்கொண்டு. அந்த வார இறுதியில் அவன் வந்தான். அவன் என் முகத்தை நேராகப் பார்த்தான். எனக்குத்தான் கொஞ்சம் கூச்சமாக இருந்தது. இங்கே ஸ்டேஷனுக்கு வந்து புகார் எழுதியது அவன் இல்லை, அவள்தான் என்று நீங்கள் சொன்னபோது ஆச்சரியப்படவில்லை. கையெழுத்தைக் காட்டினீர்களே, அதில்தான் ஆச்சரியம். அவ்வளவு அழகான எழுத்து.

அது இடது கையால் எழுதியது. பிறவியில் அவள் இடது கைக்காரி, சார். மூன்று வயதில் பென்சிலுக்கும் சோற்றுக்கும் அந்தக் கையைத்தான் நீட்டுவாள். ஒரு வருடம் சாப்பாட்டு நேரத்தில் அந்தக் கையைத் துணியால் நாற்காலியோடு கட்டிவைத்து மாற்றினேன். பிரேமலா அழுதாள், நான் விடவில்லை. இப்போது வலது கை போனதும் அது தன்னால் எழுந்து வந்துவிட்டது. எழுதுகிறாள், தலை வாருகிறாள், பொம்மைக் கையில் ஊசி போட்டுப் பழகுகிறாள். அதை வீடியோ எடுத்துச் சிங்கப்பூருக்கு அனுப்பியிருக்கிறாள். ஜூனில் வரச் சொல்லிவிட்டார்கள். கல்யாணமும் அந்த மாதமே. அவள் போகிறாள் என்பதை ராசம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

ஆமாம், நான்தான் செய்தேன். தெரிந்து, யோசித்து, நாலு காலை சோதித்துப் பார்த்துச் செய்தேன். எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று காட்டுங்கள்.

ஒரே ஒரு உதவி. நீங்கள் என்னைக் கூட்டிக்கொண்டு வந்தபோது அவள் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தாள், பார்த்திருப்பீர்கள். கையை மாற்றும்மா என்றேன். காதில் வாங்கவே இல்லை. நாளைக்குக் கல்யாணப் பந்தியில், பேட்ரிசியா வீட்டுப் பெரியவர்கள் முன்னால் இடது கையால் சாப்பிட்டால் என்ன நினைப்பார்கள்? மடங்குகிற மூன்று விரல் மீதி இருக்கிறதே, வலது கையால் சாப்பிடச் சொல்லுங்கள். பிள்ளையை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள், சார். வளர்த்தவனைத்தான் குறை சொல்வார்கள்.