திறக்கப்படாத புயல் கட்டடத்தின் சாவி

என் பெயர் செந்தமிழ்செல்வன். வயது 46. தகப்பனார் பெயர் ராமாமிர்தம். சிதம்பரம் வட்டம், பிச்சாவரம் போகும் பாதையில் உள்ள கோரைத்திட்டு கிராமத்தில் வசிக்கிறேன். உரக்கடை வைத்திருக்கிறேன். 2011 அக்டோபரில் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் வென்று, கோரைத்திட்டு ஊராட்சி மன்றத் தலைவராக இருந்து வருகிறேன். இந்த வழக்கில் புகார் கொடுத்தவன் நான்தான்.

நான் பதவியேற்ற பின் கூடிய முதல் மன்றக் கூட்டத்தில், ஊராட்சியின் எதிர்காலத்தை மனதில் கொண்டு, புயல் பாதுகாப்புக் கட்டடத்தின் திறப்பு விழாக் கல்வெட்டில் தலைவர் பெயரின் எழுத்துகள் மூன்று விரற்கடை உயரம் இருக்க வேண்டும் என்று தீர்மானம் நிறைவேற்றப்பட்டது. இரண்டு விரற்கடை போதாதா என்று கேட்ட வார்டு உறுப்பினர் இசைவாணியிடம், சாலையில் பேருந்தில் போகிறவர்களையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று விளக்கினேன். அதன் பிறகு அவர், “என்னமோ பண்ணுங்க மாமா. கீழத்தெரு தண்ணி மோட்டாரு எப்ப ஓடும், அத்த சொல்லுங்க” என்றார். மோட்டார் விஷயம் அடுத்த கூட்டத்துக்கு ஒத்திவைக்கப்பட்டது.

மேற்படி கட்டடம், சுனாமியில் எங்கள் ஊரில் உயிர்ச்சேதம் ஏற்பட்டதால் பல ஆண்டுகள் மனு கொடுத்து வாங்கியது. எனக்கு முன் தலைவராக இருந்த சுப்பிரமணியன் காலத்தில் கட்டி முடிக்கப்பட்டது. திறந்து வைக்க அமைச்சரின் தேதி கிடைக்காததால் அவர் அதைப் பூட்டி வைத்திருந்தார். வாசலில் கட்டிய சிவப்பு ரிப்பன் வெயிலில் வெளுத்துப் போய், ஒருமுறை மாற்றியும் கட்டினார்கள். நான் தேர்தலில், “சனங்களுக்குக் கட்டுன கட்டடத்த சனங்களுக்குத் தொறக்காம வச்சிருக்கிறது நியாயமா?” என்று தெருத்தெருவாகக் கேட்டுத்தான் ஓட்டு வாங்கினேன்.

வென்ற பிறகு சாவியைச் சுப்பிரமணியனிடமிருந்து வாங்கினேன். அவர் பெயர் பொறித்த கல்வெட்டைப் பெயர்த்து எடுக்கச் செய்தேன். புதுக் கல்வெட்டுக்குக் கடலூர் முதுநகரில் உள்ள ஒரு கல் பட்டறையில் சொல்லி வைத்தேன். அமைச்சரின் தேதிக்கு நானும் மனு கொடுத்தேன். அதுவரை கட்டடத்தைப் பூட்டி வைத்திருந்தேன். சாவி எப்போதும் என் சட்டைப் பையில் இருக்கும். காவல் ஆய்வாளர் அவர்கள் கேட்டதற்கு, இரண்டாவது சாவி வேறு யாரிடமும் கிடையாது என்று தெரிவித்துக்கொள்கிறேன். ஒன்று இருந்தது. சுப்பிரமணியன் கைக்குப் போய்விடக் கூடாது என்று அதையும் நான்தான் வாங்கி வைத்தேன்.

டிசம்பர் 29ஆம் தேதி கல்வெட்டைப் பார்வையிட முதுநகர் சென்றேன். புயல் வருவதாக முந்தின நாளே தாசில்தார் அலுவலகத்திலிருந்து தகவல் சொல்லியிருந்தார்கள். துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றியிருந்ததை நானே கண்ணால் பார்த்தேன். அதன் பிறகு பட்டறைக்குப் போனேன். என் பெயரில் ஒற்றெழுத்தின் புள்ளிகள் சிறியதாக இருந்தன. அவற்றைப் பெரிதாக்கச் சொல்லி, பக்கத்தில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

மாலையில் எனக்குப் போன் வந்தது. பேசியவர் சவரியம்மாள். அவர் உப்பங்கழியில் இறால் பிடிக்கும் அந்தோணிசாமியின் மனைவி. சுனாமியில் மூத்த மகளைப் பறிகொடுத்தவர். தேர்தலில் எனக்காக வீடு வீடாக வந்து ஓட்டுக் கேட்டவர். புயல் கட்டடத்து வாசலில் கீழத்தெரு சனங்கள் குழந்தைகளோடு நிற்பதாகவும், சாவியை யாரிடம் வாங்குவது என்றும் கேட்டார். சாவி என்னிடம் இருக்கிறது, காலையில் வந்துவிடுவேன் என்றேன்.

“காலையில நீங்க வரதுக்குள்ள காத்து வந்துரும் போலருக்கு தலைவரே. பூட்ட ஒடைச்சிக்கட்டுமா?”

அது அரசாங்கச் சொத்து, இன்னும் திறப்பு விழா நடக்கவில்லை என்றேன்.

“ரிப்பன அறுக்க மாட்டோம் தலைவரே. குனிஞ்சி போயிர்றோம். புள்ளைங்க எப்பிடியும் இடுப்பு ஒசரந்தான். எம் வூட்டுக்காரருதான் ஒசரம், அவர மடிச்சி உள்ள தள்ளிர்றேன்” என்று சொல்லிச் சிரித்தார். சுற்றி நின்றவர்களும் சிரித்தது போனில் கேட்டது.

நான், அங்கே சுப்பிரமணியன் நிற்கிறாரா என்று கேட்டேன். டார்ச் லைட்டோடு நிற்கிறார், பாவம் நனைகிறார் என்றார். அதைக் கேட்டதும், அன்று கட்டடம் திறந்தால் சுப்பிரமணியன் திறந்ததாகத்தான் ஊரில் பேசுவார்கள் என்று எனக்குத் தோன்றியது. பூட்டில் கை வைத்தால் போலீசில் சொல்வேன் என்று சவரியம்மாளிடம் சொன்னேன். அவர், “சரி தலைவரே, நீங்க பாத்து பதனமா வாங்க” என்று சொல்லி வைத்துவிட்டார்.

அந்த நேரத்தில் சிதம்பரத்துக்குப் பேருந்து ஓடிக்கொண்டிருந்தது. இதை ஆய்வாளர் அவர்கள் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன். கல்லுக்கு மெருகு போடுவது பாக்கி இருந்ததால் நான் ஏறவில்லை. அதன் பிறகு பேருந்துகள் நின்றுவிட்டன. பட்டறைக்காரர் வீட்டில் தங்கினேன். அது கான்கிரீட் வீடு.

மறுநாள் 30ஆம் தேதி காலை புயல் கரையைக் கடந்தது. சாலையெல்லாம் மரங்கள் விழுந்து கிடந்ததாலும், போன் வேலை செய்யாததாலும், 31ஆம் தேதி காலையில்தான் ஒரு டெம்போவில் கல்வெட்டை ஏற்றிக்கொண்டு ஊருக்கு வந்து சேர்ந்தேன். கல் உடையாமல் இருக்க அடியில் வைக்கோல் போட்டிருந்தேன். ஊர் எல்லையில் இசைவாணி வண்டியை மறித்து, “மாமா, ஒண்ணு சொல்லணும், எறங்குங்க” என்றார். அப்புறம் பேசலாம் என்று சொல்லிவிட்டு நேராகப் புயல் கட்டடத்துக்குப் போனேன். வீடுகளைப் பார்க்கப் போகவில்லை.

அங்கே பூட்டு உடைந்து கீழே கிடந்தது. உள்ளே சனங்கள் இருந்தார்கள். வராந்தாவில் சுப்பிரமணியன் கஞ்சி ஊற்றிக்கொண்டிருந்தார். நான் வாசலிலேயே நின்று, பூட்டை உடைத்தது யார் என்று சத்தம் போட்டுக் கேட்டேன். அந்தோணிசாமி எழுந்து வந்து, “நாந்தான் தலைவரே” என்றார். சுப்பிரமணியன், “யோவ், உள்ள வந்து பாருய்யா” என்றார். அவர் சொல்லி நான் உள்ளே போவதா என்று போகவில்லை. சுவரோரம் ஒருவர் புடவையைப் போர்த்திப் படுத்திருந்தது வாசலிலிருந்து தெரிந்தது.

அதன் பிறகு நேராகக் காவல் நிலையம் வந்து புகார் எழுதிக் கொடுத்தேன். அதில், அரசுக் கட்டடத்தின் பூட்டை அந்தோணிசாமி உடைத்தார் என்றும், அன்னியர்கள் உள்ளே புகுந்து விடிந்த பிறகும் படுத்து உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்றும் எழுதியுள்ளேன். அந்த வாசகம் என் சொந்தக் கையெழுத்தில் உள்ளது.

படுத்திருந்தது சவரியம்மாள் என்பது, போலீசாருடன் திரும்ப வந்தபோதுதான் எனக்குத் தெரியும். என்னிடம் போனில் பேசிய பிறகு, இருட்டும்வரை எல்லோரும் வாசலிலேயே நின்றிருக்கிறார்கள். சாரல் அடிக்கவும் அவரவர் வீட்டுக்குத் திரும்பியிருக்கிறார்கள். பூட்டை உடைக்கலாம் என்று அந்தோணிசாமி சொன்னதற்கு, தலைவர் வேண்டாம் என்றார், நாம்தானே அவருக்கு ஓட்டுக் கேட்டோம், அவர் பேச்சை மீறக் கூடாது என்று தடுத்தவர் சவரியம்மாள் என்று இசைவாணி சொல்லித் தெரிந்துகொண்டேன். விடியற்காலையில் வீட்டுச் சுவர் விழுந்து அவர் இறந்திருக்கிறார். அதன் பிறகுதான் அந்தோணிசாமி கடப்பாரையால் பூட்டை உடைத்து, கீழத்தெரு சனங்களை உள்ளே ஏற்றிவிட்டு, கடைசியாக மனைவியின் உடலைத் தூக்கி வந்து கிடத்தியிருக்கிறார்.

வாசலில் கட்டியிருந்த ரிப்பன் அறுபடவில்லை. அத்தனை பேரும் அதன் கீழே குனிந்துதான் போயிருக்கிறார்கள். உடலையும் அப்படியே கொண்டு போயிருக்கிறார்கள். ரிப்பனை உதவி ஆய்வாளர் கத்தரித்து, சான்றுப் பொருளாக எடுத்துக்கொண்டார்.

அன்று மாலை அடக்கத்துக்கு, கைது செய்யப்பட்டிருந்த அந்தோணிசாமியைப் போலீசார் ஜீப்பில் அழைத்து வந்து, மண் போட்டதும் அழைத்துப் போனார்கள். நான் கல்லறைத் தோட்டத்தின் வெளியே நின்றேன். உள்ளே வரச் சொல்லி யாரும் கூப்பிடவில்லை. அந்தோணிசாமி இப்போது சிறையில் இருக்கிறார். ஜாமீன் கிடைக்கவில்லை.

புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று ஆய்வாளர் அவர்களிடம் கேட்டேன். பொதுச் சொத்து சம்பந்தப்பட்ட வழக்கு என்பதால் புகார் கொடுத்த நான் நினைத்தாலும் முடியாது என்று தெரிவித்தார். அப்படியானால் பூட்டிவைத்தது நான், என்னையும் வழக்கில் சேருங்கள் என்றேன். பூட்டிவைப்பது குற்றமாகாது என்று தெரிவித்தார். ஆகவே, பூட்டை உடைக்க அந்தோணிசாமிக்கு நான் அனுமதி கொடுத்திருக்க வேண்டும், கொடுக்கவில்லை என்பதை இதன் மூலம் பதிவு செய்துகொள்கிறேன்.

நான் சொல்லியபடி எழுதப்பட்ட இதைப் படிக்கக் கேட்டேன். இதில் கூட்டியதோ குறைத்ததோ இல்லை, அனைத்தும் நடந்தவையே.

(ஒப்பம்) ரா. செந்தமிழ்செல்வன்
ஊராட்சி மன்றத் தலைவர், கோரைத்திட்டு
12.01.2012

குறிப்பு: சம்பவ இடமான மேற்படி கட்டடத்தில் தங்கியிருந்த குடும்பங்கள் வெளியேற்றப்பட்டு, வழக்கு முடியும்வரை கட்டடம் புதிய பூட்டுப் போட்டுப் பூட்டப்பட்டது. சாவி, ஊராட்சி மன்றத் தலைவர் என்ற முறையில் மேற்படி சாட்சியிடம் ஒப்படைக்கப்பட்டது.