தெருக்குத்துப் பிள்ளையார்

தாடிக்கொம்பு பஸ்ஸில், முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும்.

"வீடு வாங்க வந்தவுககிட்ட அடுப்படி ஒழுகும்னு யாரு உங்களைச் சொல்லச் சொன்னா?"

"ஒழுகுதுல்ல."

"போர்த்தண்ணி உப்புன்னு வேற சொன்னீங்க."

"நீ அதுலதான காப்பி போட்டுக் குடுத்த. சொல்லாட்டியும் தெரிஞ்சிருக்கும்."

"அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கிட்டாக. செவுத்துல பிள்ளையார் எதுக்குன்னு கேட்டதுக்குச் சாமி கும்பிடன்னு சொல்லக் கூடாதா? தெரு நேரா வந்து வாசல்ல முட்டுது, அந்தத் தெருக்குத்துக்கு வச்சதுன்னீங்க. உடனே செருப்பை மாட்டிட்டாக."

அவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்தார்.

"நாம வாங்க அட்வான்ஸ் குடுத்திருக்கமே, அந்த வீட்டுக்காரரு ஒரு குறையாவது சொன்னாரா? பொழைக்கத் தெரிஞ்ச மனுசன்."

அவர்களுடைய நிறுத்தம் வந்தது. இறங்க எழுந்தபோது அந்த அம்மாள்தான் சொன்னார்:

"நாளைக்குப் போயி அந்த வீட்டை இன்னொருக்காப் பாத்துட்டு வந்துருவோம்."