எந்தச் சொல்லை அடித்ததும் மூடிக்கொள்கிறது?

— மறுபடியும் சாத்திக்கிடுச்சு அத்தை!

— எது மாப்பிள்ளை, கதவா?

— போன வாரம் என் லேப்டாப்புல போட்டுக் குடுத்தீங்களே, அந்த எடிட்டர்! எழுதிக்கிட்டே இருக்கேன், கடையைக் கட்டிட்டுப் போயிடுது. சாயங்காலம் ஆபீஸ் நாடக ஒத்திகை. வசனம் இல்லாமப் போனா என் மானம் கப்பலேறிடும். ஓசியில குடுத்தா இப்படித்தான்...

— ஓசி இல்ல, கட்டற்ற மென்பொருள். யார் வேணும்னாலும் பிரிச்சுப் பாத்து மாத்திக்கலாம். பதறாதீங்க, நான் பிழை பிடிச்சே சம்பளம் வாங்கறவ. எப்படிப் புகார் சொல்லணும்னு அதைச் செஞ்சவங்க இணையப் பக்கத்துலயே போட்டிருப்பாங்க, தேடுங்க.

— இதோ... "திட்டாமல் எழுதவும்."

— அப்ப இதுவரைக்கும் எழுதினதை அழிச்சுடுங்க.

— அழிச்சாச்சு. "எதை எதிர்பார்த்தீர்கள், என்ன நடந்தது?" கல்யாணம் ஆனவங்க எல்லார்கிட்டயும் கேக்க வேண்டிய கேள்வி அத்தை இது!

— மெதுவா... என் பொண்ணு அடுத்த ரூம்லதான் இருக்கா.

— "பிழையை மறுபடி வரவழைக்கும் வழியைச் சொல்லவும்."

— அதான் உயிர்நாடி. எப்ப சாத்திக்குது?

— அது வந்து... ஒரு சொல்லை அடிச்சதும்.

— எந்தச் சொல்?

— ஏதோ... உறவுமுறைச் சொல்.

— தள்ளுங்க, நான் அடிச்சுப் பாக்கறேன். மாமனார்... நிக்குது. நாத்தனார்... குத்துக்கல்லாட்டம் நிக்குது. ஓரகத்தி...

— போதும் அத்தை...

— வைத்தியர்கிட்டயும் பிழை பிடிக்கறவகிட்டயும் மறைக்கக் கூடாது.

— ...மாமியார்.

— அட!

— நாடகத்துல வர்ற மாமியார்! நீங்க இல்ல!

— நான் ஒண்ணும் சொல்லலையே. எழுதுங்க, "மாமியார் என்று அடித்ததும்..."

— ஐயோ, புகாரையும் சேத்துச் சாத்திடுச்சு!

— அதே எடிட்டர்லயா எழுதுவாங்க? மெயில்ல எழுதுங்க. அப்புறம்?

— "முழு வாக்கியத்தையும் அப்படியே தரவும்." இது... அவசியமா அத்தை?

— கேட்டிருக்காங்களே!

— "எங்க மாமியார் தும்மினா மூணு தெருவுக்குக் கதவு சாத்திக்கும்."

— ம்... இப்ப எடிட்டரும் சாத்திக்குது. ரோஷமுள்ள எடிட்டர்!

— சிரிக்காதீங்க அத்தை. எழுதியாச்சு, யாருக்கு அனுப்பறது?

— கடைசி வரியைப் படிங்க.

— "நிரலை வேறு யாரேனும் மாற்றியிருந்தால் அவரிடமே முறையிடவும்." இதைப் போய் யாரு மாத்தியிருக்கப் போறாங்க?

— அப்ப அனுப்ப வேண்டாம் மாப்பிள்ளை, புகார் எங்கிட்டயே வந்து சேந்துடுச்சு. எடிட்டர் போடும்போதே உங்க ரெண்டாவது காட்சியைப் படிச்சுட்டேன். அந்தத் தும்மலை எடுத்துட்டு எனக்கு நல்லதா ஒரு பாட்டு வைங்க... காபி ஆறறதுக்குள்ள சரி பண்ணித் தர்றேன்.