பித்தளைச் சங்கிலியில் தொங்கிய சாவி

நீலகிரி ஜில்லா கரடிமட்டம் அவுட்போஸ்ட் லாக்கப்பில் அழகர்சாமி என்பவர் இறந்தது பற்றிய விசாரணையில், 1913ஆம் வருடம் மே மாதம் 24ஆம் தேதி போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்பு அயூப் ராவுத்தர் சொல்லி எழுதப்பட்டது.

என் பெயர் அயூப் ராவுத்தர். தகப்பனார் பெயர் சுபுஹான் ராவுத்தர். வயது ஐம்பத்திரண்டு. கரடிமட்டம் கடைவீதியில் கம்பளி வியாபாரம் செய்கிறேன். கடையின் பின்கட்டில் குடியிருக்கிறேன். எழுதப் படிக்கத் தெரியும். கரடிமட்டம் போலீஸ் மேற்பார்வைக் கமிட்டியில் பொதுஜன அங்கத்தினராக இருக்கிறேன். கமிட்டியில் ஐந்து பேர். மற்ற நால்வரும் தேயிலைத் தோட்டத் துரைமார்கள்.

சென்ற பிப்ரவரி மாதம் எங்கள் கமிட்டி, லாக்கப் சாவி பித்தளைச் சங்கிலியில் தொங்க வேண்டும் என்று முடிவு செய்தது. இந்தத் தாலுகாவில் பொதுஜனங்கள் போலீஸை மேற்பார்வை பார்க்கத் தொடங்கிய பிறகு ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அதுதான். தோல் வாரா, பித்தளைச் சங்கிலியா என்பது இரண்டு கூட்டங்களில் விவாதிக்கப்பட்டது. மழைக்காலத்தில் தோல் பூஞ்சணம் பிடிக்கும் என்று ஒரு துரை எடுத்துச் சொன்ன பிறகு பித்தளை வென்றது. தலைவர் துரை எழுந்து நின்று எல்லோருக்கும் கைகொடுத்தார். எனக்கும் கொடுத்தார்.

தீர்மானத்தைக் கொண்டுவந்தவன் நான். அதற்கு முன்பு அந்தச் சாவி கதவுக்குப் பக்கத்தில் ஓர் ஆணியில் தொங்கும். எஸ்டேட் மேஸ்திரிகள் வந்து திறந்து, உள்ளே இருக்கும் கூலிகளை அடித்துவிட்டு, கதவைப் பூட்டி, சாவியை ஒழுங்காக ஆணியில் மாட்டிவிட்டுப் போவார்கள். ஒருமுறை யாரோ ஒரு துரையின் பெட்டிகளைச் சுமக்க ஆள் கிடைக்காமல், லாக்கப்பில் இருந்த இருவரை மழையில் கூட்டிப்போய்ச் சுமக்கவைத்து, வேலை முடிந்ததும் கொண்டுவந்து அடைத்தார்கள். ஆகவே சாவி ஏட்டு நல்லசாமியின் இடுப்பை விட்டு எக்காரணம் கொண்டும் இறங்கக் கூடாது, வேறு கைக்கு மாறக் கூடாது என்று எழுதிக் கொடுத்தேன். சங்கிலியை அவருடைய பெல்ட்டுக் கொக்கியோடு சேர்த்துப் பற்றவைத்தார்கள். என் சிபாரிசின் பேரில் கோயம்புத்தூரிலிருந்து புதுப் பூட்டும் வந்தது. அழுத்தினால் தானே பூட்டிக்கொள்ளும், திறக்கத்தான் சாவி வேண்டும். அதன் பிறகு லாக்கப்பில் யாரும் அடிபடவில்லை. கமிட்டியால் என்ன நன்மை என்று கடைக்கு வருகிறவர்கள் கேட்டால் நான் இதைத்தான் சொல்லிவந்தேன்.

அதன் பிறகு மே மாதக் கூட்டத்தில் அவுட்போஸ்டின் ஆள் பற்றாக்குறை விவாதத்துக்கு வந்தது. ஓர் ஏட்டும் மூன்று கான்ஸ்டபிள்களும் இருக்க வேண்டிய இடம் அது. சீசனுக்காக இரண்டு கான்ஸ்டபிள்களை ஏற்கெனவே ஊட்டி பந்தோபஸ்துக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். பற்றாக்குறையைத் தீர விவாதித்த பிறகு, மிச்சம் இருந்த இருவரில் ஏட்டை ஊட்டி மலர்க் கண்காட்சிக்கு அனுப்புவது என்று முடிவானது. போன வருடம் தலைவர் துரையின் டேலியாப் பூக்களை ஒரு மாடு மேய்ந்துவிட்டதே காரணம். கான்ஸ்டபிளை அனுப்பினால் போதாதா என்று கேட்டேன். அவன் கையில் ஏட்டுப் பட்டை இல்லை, மாடு மதிக்காது என்றார் ஒரு துரை. எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்படியானால் லாக்கப் சாவி என்ன ஆகும் என்று கேட்டதற்குத் தலைவர் துரை, “உங்கள் தீர்மானப்படி அவர் இடுப்பில் பத்திரமாக இருக்கும், ராவுத்தர்” என்றார். லாக்கப் அப்போது காலியாக இருந்தது. சுண்ணாம்பு அடித்து, ஈரம் உலரக் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஆகையால் நானும் கை தூக்கினேன்.

அதன் பிறகு திங்கட்கிழமை ஏட்டு நல்லசாமி டேலியாத் தொட்டிகளோடு ஊட்டிக்குப் போனார். செவ்வாய்க்கிழமை காலையில் அழகர்சாமி பிடிபட்டார். அவர் தலைவர் துரையின் எஸ்டேட்டில் தேயிலைச் செடிகளைக் கவாத்து வெட்டுகிறவர். அவர் மனைவி மூக்கம்மா அங்கேயே கொழுந்து எடுக்கிறார். இருவரும் ராமநாதபுரம் பக்கத்திலிருந்து ஒப்பந்தத்தில் வந்தவர்கள். அழகர்சாமிக்கு விட்டுவிட்டு வந்து நடுங்கவைக்கும் முறைக்காய்ச்சல். லீவு கேட்டுக் கிடைக்காததால், கரடிமட்டத்தில் உள்ள மிஷன் டிஸ்பென்சரிக்கு நடந்து வந்தார். ஒப்பந்தம் முடியுமுன் எஸ்டேட் எல்லையைத் தாண்டி ஓடிவிட்டதாக எஸ்டேட் ரைட்டர் புகார் எழுதிக் கொடுத்தார். எல்லையைத் தாண்டினது உண்மை. டிஸ்பென்சரி எல்லைக்கு வெளியே இருக்கிறது.

அவுட்போஸ்டில் தனியாக இருந்த கான்ஸ்டபிள் நஞ்சப்பன் அவரைப் பிடித்து லாக்கப்பில் வைத்துப் பூட்டை அழுத்தினார். பிறகு என் கடைக்கு வந்து தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். “ஏனுங்க ராவுத்தரே, டக்குன்னு சத்தம் கேட்ட பொறவுதானுங்க சாவி நெனப்பே வந்துச்சு” என்றார்.

அவருக்குப் பின்னாலேயே மூக்கம்மா வந்தார். நான் போலீசுக்கு மேலே உள்ளவன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். போலீஸைப் பற்றிச் சிபாரிசு செய்ய மட்டுமே கமிட்டிக்கு அதிகாரம் உண்டு, உத்தரவு போட அதிகாரம் இல்லை என்பதை அவருக்கு விளக்கினேன். அவர் முழுவதும் கேட்டுவிட்டு, “சரிங்கய்யா, கதவ எப்பத் தொறப்பாக?” என்று கேட்டார்.

அதன் பிறகு நான் அவுட்போஸ்டுக்குப் போனேன். அங்கத்தினர் பார்வையிட வந்தால் நாற்காலி போட வேண்டும் என்று விதி இருப்பதால் நஞ்சப்பன் லாக்கப் கதவுக்கு முன் நாற்காலி போட்டார். கதவு கனத்த தேக்கு. கீல்கள் உள்பக்கம். நெஞ்சு உயரத்தில் ஒரு சாண் அளவுக்குச் சதுரமாக ஒரு துவாரம். அதன் வழியாக ஒரு கம்பளியை உள்ளே தள்ளினேன். டிஸ்பென்சரி நர்ஸ் மெட்டில்டா வந்து காய்ச்சலுக்குக் கொய்னா மருந்து கொடுத்தார். அழகர்சாமி எழுந்து வந்து, துவாரத்தில் வாயை வைத்துக் குடித்துவிட்டு, கசப்பாக இருக்கிறது என்றார். மூக்கம்மா கஞ்சி ஊட்டினார்.

அதன் பிறகு ஏட்டுக்குத் தந்தி அடித்தேன். புதன்கிழமை பதில் வந்தது. “சாவி பத்திரம். கவலை வேண்டாம்” என்று இருந்தது.

அன்று மத்தியானம் முதல் அழகர்சாமியால் எழுந்து நிற்க முடியவில்லை. நஞ்சப்பன் ஒரு மூங்கில் கழியின் நுனியில் கொட்டாங்குச்சி அகப்பையைக் கட்டி, மருந்தை ஊற்றித் துவாரத்தின் வழியாக நீட்டினார். பாதி வழியில் சிந்தியது. மறுபடி ஊற்றி நீட்டினார். படுத்திருந்தவர் அதைப் பார்த்து வாயைத் திறந்தார். கழி எட்டியது. சாய்த்தபோது மருந்து கன்னத்தில் கொட்டியது. “தலையைத் தூக்கிப் பிடிச்சுத்தான் குடுக்கணும். ஓட்டை வழியா வைத்தியம் பண்ண எனக்கு யாரும் கத்துக்குடுக்கலை” என்று மெட்டில்டா சொன்னார்.

அப்போது மூக்கம்மா ஒரு கல்லை எடுத்துக்கொண்டு பூட்டை உடைக்க வந்தார். நஞ்சப்பன் குறுக்கே நின்று, “கல்லப் போடம்மா. சர்க்காரு பூட்டு. ஒடச்சா உன்னையும் உள்ள வைக்கோணும்” என்றார்.

“வைங்கய்யா. தொறந்துதான வைக்கணும்” என்றார் மூக்கம்மா.

நஞ்சப்பன் அவர் கையிலிருந்து கல்லை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அதன் பிறகு கொல்லர் சுப்பண்ணனைக் கூட்டிவந்தேன். அவர் பூட்டைத் திருப்பிப் பார்த்து, அரத்தால் அறுத்துவிடலாம், ஆனால் யாருடைய உத்தரவு என்று கேட்டார். நஞ்சப்பன் தனக்கு அதிகாரம் இல்லை என்றார். நான் கமிட்டி அங்கத்தினர் என்ற முறையில் ஒரு சிபாரிசு எழுதிக் கொடுத்தேன். சுப்பண்ணன் வாங்கிப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். “சிபாரிசுக்கு இரும்பு அறுபடாதுங்க” என்று சொல்லிப் போய்விட்டார்.

வியாழக்கிழமை விடிந்ததும் நான் லவ்டேல் வரை நடந்து, அங்கிருந்து ரயிலில் ஊட்டிக்குப் போனேன். கண்காட்சிப் பந்தலில் ஏட்டு நல்லசாமி டேலியாக்களுக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். சங்கிலி நன்றாகத் துலக்கியிருந்தது. மாடு எதுவும் வரவில்லை என்று சொன்னார். விஷயத்தைச் சொன்னதும் முகம் மாறிவிட்டது. “நான் கெளம்பிப் போனா வேலை போயிருமுங்க. சாவியக் கழட்டி உங்க கையில குடுத்தாலும் வேலை போயிருமுங்க. நீங்க எழுதுனதுதானுங்களே” என்றார். தலைவர் துரை ஒரு வார்த்தை சொன்னால் ஓட்டமாகவே வந்துவிடுவதாகவும் சொன்னார்.

அதன் பிறகு தலைவர் துரையைப் பார்த்தேன். அவருடைய டேலியாவுக்கு இரண்டாம் பரிசு கிடைத்திருந்தது. நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். கைதி தம் எஸ்டேட் ஆள் என்பதால், தாம் இதில் ஒரு வார்த்தை சொன்னாலும் அது போலீஸ் வேலையில் சொந்த நலனுக்காகத் தலையிட்டதாக ஆகும் என்றார். அப்படித் தலையிடக் கூடாது என்ற விதியை ஆதரித்து நான் பேசியதையும் ஞாபகப்படுத்தினார். தீர்மானத்தை மாற்றுவதற்கு அவர் நீங்கலாக மூன்று அங்கத்தினர்கள் கூட வேண்டும். ஒருவர் கப்பலில் சீமைக்குப் போய்க்கொண்டிருந்தார். இன்னொருவர் முதுமலைக் காட்டில் வேட்டையில் இருந்தார். மூன்றாமவர் ரோஜாக்களுக்கு நடுவராக இருந்ததால் அன்று யாரும் அவரோடு பேசக் கூடாது. அடுத்த மாதக் கூட்டத்தில் இதை முதல் பொருளாக எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, தலைவர் துரை எனக்குக் கைகொடுத்தார்.

அதன் பிறகு மத்தியான ரயிலில் திரும்பினேன். அவுட்போஸ்டுக்கு வந்தபோது மூக்கம்மா துவாரத்தில் கையை விட்டுக்கொண்டு நின்றார். தோள் வரை கை உள்ளே இருந்தது. அவர் குட்டையானவர் என்பதால் என் நாற்காலியின் மேல் ஏறி நின்றிருந்தார். “இங்கனதான் நிக்கேன். பாத்தீகளா, கையி தெரியுதா?” என்று உள்ளே பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளேயிருந்து மூச்சு இழுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

நான் மூக்கம்மாவின் கல்லை எடுத்தேன். நஞ்சப்பன் அதைப் பார்த்தார். பிறகு திரும்பி ரோட்டைப் பார்த்து நின்றுகொண்டார். நான் பூட்டின் மேல் பல தடவை அடித்தேன். பூட்டில் உள்ள வடுக்கள் என்னால் உண்டானவை. நஞ்சப்பனுக்கு அவற்றில் சம்பந்தம் இல்லை. பூட்டு உடையவில்லை. மற்றவர்களைக் கொண்டு ஏன் உடைக்கவில்லை என்று இன்ஸ்பெக்டர் இப்போது கேட்பதால் சொல்கிறேன். அங்கே கூடியிருந்தவர்களில் யார் கிட்டே வந்தாலும் எஸ்டேட் மேஸ்திரி அவர் பெயரைக் கேட்டுக்கொண்டிருந்தார். இந்தப் பூட்டு யாராலும் சுலபத்தில் உடைக்க முடியாதது என்பதால்தான் நான் அதைச் சிபாரிசு செய்தேன் என்பதையும் சொல்லிக்கொள்கிறேன்.

அதன் பிறகு மறுபடி சுப்பண்ணனிடம் ஓடினேன். இந்த முறை உத்தரவு கேட்காமல் அரத்தை எடுத்துக்கொண்டு வந்தார். நாங்கள் வந்தபோது மூக்கம்மா கையை வெளியே எடுத்திருந்தார். நாற்காலியிலிருந்து இறங்கிக் கீழே உட்கார்ந்திருந்தார். மெட்டில்டா துவாரத்தின் வழியாக விளக்கைக் காட்டிப் பார்த்துவிட்டு, சிலுவை போட்டுக்கொண்டார். சுப்பண்ணன் அரத்தைத் துணியில் சுற்றினார். “உசுரு இருந்தா அறுத்துப்போட்டு ஜெயிலுக்குப் போறதுல ஒரு நாயம் இருக்குதுங்க” என்றார். பிறகு அவரும் அங்கேயே உட்கார்ந்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை பரிசளிப்பு முடிந்ததும் ஏட்டு நல்லசாமி வந்தார். பெல்ட்டைக் கழற்றாமல், கதவோடு ஒட்டி நின்று, சாவியைப் போட்டுத் திறந்தார். பூட்டு நன்றாக வேலை செய்தது. அழகர்சாமி நான் கொடுத்த கம்பளியைப் போர்த்தியிருக்கவில்லை. கதவுக்குக் கீழே விழுந்த மருந்து சுண்ணாம்புத் தரையில் படாமல் இருக்க, அதை விரித்து வைத்திருந்தார். புதிதாகச் சுண்ணாம்பு அடித்த அறை, அழுக்காகக் கூடாது என்று முதல் நாளே நஞ்சப்பன் அவரிடம் சொல்லியிருந்தாராம்.

எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான். யாருடைய தூண்டுதலும் இல்லாமல் சொன்னேன். எழுதியதை எனக்கு வாசித்துக் காட்டினார்கள். நான் சொன்னபடியே இருக்கிறது, உண்மைக்கு மாறாக எதுவும் இல்லை என்று ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போடுகிறேன்.

(ஒப்பம்) சு. அயூப் ராவுத்தர்

எழுதியவர் குறிப்பு: இறந்தவரின் மனைவி மூக்கம்மாவின் வாக்குமூலம் பதிவாகவில்லை. அவருடைய ஒப்பந்தக் காலம் இன்னும் முடியாததால், எஸ்டேட் ரைட்டரின் கோரிக்கையின் பேரில், ஊட்டியிலிருந்து வரவழைக்கப்பட்ட இரண்டு கான்ஸ்டபிள்களின் காவலில் அவர் இன்று காலை எஸ்டேட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்.