நான் சொன்ன தெலுங்கு

புது ஆள் வந்தால் முதலில் பேச்சுக் கொடுப்பது நான்தான் சார். புத்தூரிலிருந்து ஸ்ரீ சிட்டிக்குப் போகிற எங்கள் கம்பெனி பஸ்ஸில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பதுவரை எனக்குத் தெரியும். தெரிந்ததைச் சொல்வது குற்றமென்றால் டிரைவரைத் தவிர எல்லாரையும் நீங்கள் ஸ்டேஷனுக்குப் பிடித்துவர வேண்டியிருக்கும்.

தாட்சாயணி எல்லையோர கிராமத்துப் பெண். தமிழும் கொஞ்சம் சந்தைத் தெலுங்கும்தான். முதல் நாள் கம்பெனி வாசலில் லைன் லீடர் அவளிடம் "செப்பு" என்றாள். சொல் என்று அர்த்தம், பேரைக் கேட்டாள். செருப்புக்கும் தெலுங்கில் அதே வார்த்தைதான். இவள் குனிந்து செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள். நல்ல கதை இல்லையா? சாயங்காலம் பஸ்ஸில் அதைச் சொன்னது நான்.

அன்றோடு அவள் பேர் போயிற்று. "ஏ செப்பு, எதனா செப்புடி" என்று பின்சீட்டுப் பெண்கள் ஆரம்பிப்பார்கள். செருப்பை ஜன்னல் வழியாக எறிந்தார்கள். இன்னொரு நாள் அவள் சாப்பாட்டு டப்பாவுக்குள் வைத்தார்கள். நான் எதையும் தொடவில்லை. அவள் வருவதற்கு முன்பு அவர்களுக்கு விளையாட நான்தான் இருந்தேன், இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

கடைசியில் ஹெச்.ஆர். ரேகா மேடம் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார். குண்டூர்க்காரர், தமிழ் வராது. இரண்டும் தெரிந்தவள் என்று என்னைப் பக்கத்தில் நிறுத்தினார்கள்.

"சோத்துல செருப்ப போட்டு சிரிச்சிக்கினு இருக்காங்கக்கா, துன்ன முடியல. நாளைக்கும் இப்டின்னா பஸ்லேர்ந்து குதிச்சிடுவேன். அப்டியே சொல்லுக்கா."

பஸ் பயணம் இவளுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, வாந்தி வருகிறது என்று மேடத்திடம் தெலுங்கில் சொன்னேன். மேடம் பாவப்பட்டு மாத்திரை கொடுத்தார்.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "எல்லாம் சொல்லிட்டியாக்கா?"

"சொல்லிட்டேன். இனிமே அவங்க பாத்துப்பாங்க."

நம்பித்தான் மறுநாளும் ஏறினாள். பின்சீட்டு ஆரம்பித்தபோது என்னையே பார்த்தாள். நான் போனைப் பார்த்தேன். சத்தியவேடு தாண்டி கதவுப் பக்கம் எழுந்து போனபோதும் அவளைத் தடுக்க என்னால் மட்டும்தான் முடிந்திருக்கும். என்ன செய்யப் போகிறாள் என்று எனக்கு மட்டும்தான் தெரியும். உட்கார்ந்தே இருந்தேன். அவள் சொன்னது மேடத்துக்குப் போயிருந்தால் அவளை வேறு பஸ்ஸுக்கு மாற்றியிருப்பார்கள். எனக்கு அதே பஸ்தான்.

வெளியே அவள் அம்மா உட்கார்ந்திருக்கிறாள். நீங்கள் எழுதியது தெலுங்கு, அவளுக்குப் படிக்க வராது. சிரமப்படாதீர்கள் சார், தமிழில் பக்குவமாக நானே சொல்லிவிடுகிறேன்.