பட்டன் இடைவெளி

ஷாக்கெல்லாம் அடிக்காது அத்தை. அது சினிமாவுல. இது சும்மா நெஞ்சுக்குள்ள நடக்கிறதை ஒட்டுக்கேட்டுப் பேப்பர்ல கோடா போடுற மெஷின். பேசாம மட்டும் படுத்திருங்க, பேசினா கோடு ஆடிடும். தெரியும், உங்களுக்கு இது பெரிய தண்டனைதான். துணி வெட்டுற மேசையில படுக்கச் சொன்னதுக்கே முறைக்கிறீங்க. என்ன பண்றது, உங்க கடையில நீளமா இருக்கிறது இது ஒண்ணுதான். கதவைச் சாத்திட்டேன், கஸ்டமர் யாரும் வர மாட்டாங்க.

பரீட்சைக்குப் பழக நீங்கதான் சரியான ஆளு. அம்மாவைப் படுக்க வெச்சா, பயத்துலயே கோடு குதியாட்டம் போடும்.

எங்க ஆம்புலன்ஸ் வகுப்புல ஒட்டடைக்குச்சின்னு ஒருத்தன் இருக்கான். முதல் நாள் அவனுக்குத்தான் வயர் மாட்டினோம். பேப்பரைப் பார்த்து வெலவெலத்துப் போய், சார், இவன் போய்ட்டிருக்கான்னு கத்திட்டேன். நான் வகுப்புல வாயைத் திறந்ததே அன்னைக்குத்தான். திரும்பிப் பார்த்தா அவன் பாட்டுக்கு நெஞ்சுல கொசுக்கடியைச் சொறிஞ்சுகிட்டிருக்கான். வயர் ஆடுது, கோடும் ஆடுது. சிரிக்காதீங்க, நீங்களும் ஆடுவீங்க. முதல்ல ஆளைப் பாரும்மா, அப்புறம் பேப்பரைப் பாருன்னார் சார். அதுலேருந்து எனக்கு இதே வேலை. பஸ்ல, வீட்டுல, எல்லாரையும் பார்த்துகிட்டே இருப்பேன்.

இதயம் மாடி வீடு மாதிரி அத்தை. மேல் வீட்டுக்காரங்க தட்டணும், கீழ் வீட்டுக்காரங்க கிளம்பணும். பேப்பர்ல சின்ன மேடு மேல் வீடு, உயரமான முள்ளு கீழ் வீடு. ஒவ்வொரு மேட்டுக்கும் பின்னாடியே சொல்லி வெச்ச மாதிரி ஒரு முள்ளு வரணும். இடைவெளி பார்க்க ஒரு துண்டுப் பேப்பர் போதும். ஓரத்துல பென்சிலால குறிச்சுகிட்டு அப்படியே நகர்த்திப் பார்க்கிறது. நீங்க சட்டைக்குப் பட்டன் எடம் குறிப்பீங்களே, அதே வித்தை.

இதோ, வந்துடுச்சு.

ம்.

ஒண்ணுமில்ல, இன்னொரு தடவை எடுக்கறேன். ஃபேனை அணைச்சிடறேன், அதுவும் சில சமயம் குறுக்க வரும். மூச்சு சாதாரணமா விடுங்க.

ஃபோனா? சாருக்கு ஒரு ஃபோட்டோ. பாருங்க, உடனே பதில் போட்டுட்டார்.

எழுந்திருக்காதீங்க அத்தை. வயரும் அப்படியே இருக்கட்டும். படுத்துகிட்டே நீங்களே பாருங்க, உங்களுக்குத் தெரியாத அளவா. மேடெல்லாம் ஒரே இடைவெளி. முள்ளும் ஒரே இடைவெளிதான், ஆனா ரொம்பத் தள்ளித் தள்ளி. ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல. மேல தட்டிகிட்டே இருக்காங்க, கீழ காதுல விழவே இல்ல. பட்டன் ஒரு அளவு, காஜா ஒரு அளவு. இப்படி ஒரு சட்டையை நீங்க டெலிவரி குடுப்பீங்களா?

அன்னைக்குத் தையல் மெஷின் மிதிச்சுகிட்டே இருந்தீங்க, திடீர்னு கால் நின்னுபோச்சு, கண்ணு எங்கேயோ போயிடுச்சு. ரெண்டு மூச்சு கழிச்சு மறுபடி மிதிச்சீங்க. கேட்டதுக்கு, நூல் அறுந்துடுச்சுடீன்னீங்க. டாக்டர்கிட்ட போலாம்னா ஆர்டர் கெடக்குன்னுட்டீங்க. நூல் அறுபடல அத்தை. நான் பார்த்துகிட்டுதான் இருந்தேன்.

சரி பண்ணிடலாம். தீப்பெட்டி மாதிரி சின்னதா ஒண்ணு இருக்கு, தோலுக்கு அடியில வெச்சுடுவாங்க. மேல தட்டுறதைக் கீழ போய்ச் சொல்றது மட்டும்தான் அதுக்கு வேலை.

ஊமைக்கோட்டான் இன்னைக்கு ஏன் இப்படிப் பேசுதுன்னு பார்க்கிறீங்க. நான் வாயை மூடினா நீங்க ஆரம்பிச்சிடுவீங்க, அப்புறம் எழுந்து நடந்துடுவீங்க.

கீழ வண்டிச் சத்தம் கேக்குதா? கஸ்டமர் இல்ல, சார் அனுப்பினது. படியில ஒரு அடி நீங்க வைக்கக் கூடாது, நாற்காலியோட அவங்களே தூக்கிட்டுப் போவாங்க. ஒட்டடைக்குச்சியும் வரான். பயப்படாதீங்க, சொறியக் கூடாதுன்னு சொல்லி வெச்சிருக்கேன்.

பரீட்சையா? அது போன வாரமே முடிஞ்சுபோச்சு அத்தை.